பார்த்ததை வரைதல்: திசுப் பாடத்திற்கு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு நாள், சான்றிதழ் தொடர்பாக எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் வந்திருந்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்க நடத்துன பாடத்தைத்தான் மிஸ் இப்ப சம்பளத்துக்குச் செய்யறேன்" என்று சிரித்தார்.

அவருடைய வேலை இதுதான். மருத்துவமனை ஆய்வகங்களில் நுண்ணோக்கியில் பார்க்கும் திசு ஸ்லைடுகளை இப்போது ஸ்கேன் செய்து கணினிப் படமாக்கிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் எபிதீலியத் திசு எங்கே தொடங்குகிறது, இணைப்புத் திசு எங்கே முடிகிறது, கொழுப்பு எது, இரத்தக்குழாய் எது என்று ஒவ்வொரு பகுதியையும் சுற்றி மவுஸால் கோடு வரைந்து பெயரிட வேண்டும். வரைந்ததை நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் சரிபார்ப்பார்.

"முதல் மாசம் முழுக்க என் வேலை திரும்பித் திரும்பி வந்துச்சு மிஸ். படத்துல இருக்கறத வரையல, இருக்கணும்னு நீ நினைக்கறத வரைஞ்சிருக்கேன்னு மேடம் சொன்னாங்க. அதை மாத்திக்கறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு."

அவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவருடைய செய்முறைப் பதிவேடு நினைவுக்கு வந்துவிட்டது. இருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். ஸ்லைடில் ஒரு வாஸ்குலார் கற்றை கிழிந்திருந்தது. மற்றவை ஒரே அளவில் இல்லை. அந்தப் பெண் அதை அப்படியே வரைந்திருந்தாள். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, "பாடநூலில் உள்ளபடி வரைக" என்று எழுதி ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன். அடுத்த முறை அவள் நுண்ணோக்கியைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைந்தாள். ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன்.

அந்த ஒரு மாதத்தில் அவர் மறக்க வேண்டியிருந்தது நான் கற்றுக்கொடுத்ததைத்தான். அதன் பிறகு திசுப் பாடத்தை நான் நடத்தும் முறையை மாற்றினேன். அந்த முறையையும் அதில் நான் கண்டதையும் இங்கே பகிர்கிறேன்.

கோடு வரையும் வேலை ஏன் தேவைப்படுகிறது?

மாணவர்களிடம் முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். திசு ஸ்லைடுகளை 20 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்கேன் செய்யும்போது, பொதுவாகப் படத்தின் ஒரு புள்ளி திசுவில் ஏறத்தாழ அரை மைக்ரான் நீளத்தைக் குறிக்கும். ஒரு செ.மீ. என்பது 10,000 மைக்ரான். அப்படியானால் ஒரு செ.மீ. நீளத்தில் 20,000 புள்ளிகள். ஒரு சதுர செ.மீ. திசுவில் 40 கோடி புள்ளிகள். கட்டைவிரல் நகத்தளவு திசுவுக்கே இவ்வளவு. இவற்றில் எந்தப் புள்ளி எந்தத் திசுவைச் சேர்ந்தது என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இது புதிய வேலையும் அல்ல. 1909இல் ஜெர்மானிய அறிஞர் கோர்பினியன் பிராட்மன் மனித மூளைப் புறணியின் வரைபடத்தை வெளியிட்டார். நிசில் சாயம் ஏற்றிய மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்து, செல்களின் அளவும் நெருக்கமும் அடுக்கும் எங்கெங்கே மாறுகின்றனவோ அங்கெல்லாம் எல்லை வகுத்தார். அவர் இட்ட எண்கள் 52 வரை செல்கின்றன. பார்வைக்குரிய முதன்மைப் பகுதியை இன்றும் மருத்துவர்கள் பிராட்மனின் 17ஆம் பகுதி என்றே குறிப்பிடுகிறார்கள்.

இன்று அதே வேலை நம் ஊரிலேயே நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், வளரும் கருவின் மூளையைச் செல் அளவு நுணுக்கத்தில் காட்டும் 'தாரணி' என்ற முப்பரிமாணத் தரவுத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் அதில் உள்ளன. யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனமும், பூந்தமல்லி தாண்டித் தண்டலத்தில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மருத்துவத் துணை நின்றன. எங்கள் மாணவர்களில் சிலர் அந்த மருத்துவமனை வாசலைப் பேருந்தில் கடந்து போகிறவர்கள். அங்கே தொடங்கிய ஒரு பணி உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கருவின் மூளை என்பதால் அப்படங்களைக் காட்டும்போது மரியாதையுடன் பேச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கணினிக்குக் கற்பிக்கவும் மனிதர் வரைந்த கோடுதான் அடிப்படை. 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'கேமலியான்' என்ற போட்டியை நடத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதைப் படத்திலிருந்து கணினி கண்டறிய வேண்டும். பயிற்சிக்கு 270 படங்கள், சோதனைக்கு 129. பயிற்சிப் படங்களில் புற்று பரவிய இடங்களைச் சுற்றி மனிதர்கள் எல்லை வரைந்து கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக் கற்ற நிரல்களில் சிறந்தவை, நேர வரம்புக்குள் அதே படங்களைப் பார்த்த 11 நோய்க்குறியியல் மருத்துவர்களைவிட நன்றாகக் கண்டறிந்தன. வரைந்தவர் தவறாக வரைந்திருந்தால் கணினியும் அந்தத் தவறைத்தான் கற்றிருக்கும். "அப்போ நாங்க உங்ககிட்ட கத்துக்கற மாதிரி மிஸ்" என்றான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தப் பதிவேடு நினைவுக்கு வந்தது.

செயல்பாடு: நான்கு பாடவேளைகள்

மருத்துவப் படங்கள் நமக்குத் தேவையில்லை. பத்தாம் வகுப்பின் தாவர உள்ளமைப்பியல் பாடமே போதும். பள்ளி வேலியோரம் கிடைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் தண்டை எடுத்துக்கொண்டேன். சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இருவித்திலைத் தண்டின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். இளந்தண்டாக இருக்க வேண்டும். முற்றிய தண்டில் இரண்டாம் நிலை வளர்ச்சி தொடங்கியிருக்கும். கற்றைகளைத் தனித்தனியே பார்ப்பது கடினம்.

முதல் பாடவேளை: சீவலும் படமும். பிளேடால் சீவும் வேலையை ஆசிரியரே செய்வது பாதுகாப்பு. சீவல்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் இட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, கிளிசரின் விட்டுக் கவர் ஸ்லிப்பால் மூடவும். லிக்னின் படிந்த சைலம் அடர் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு மாணவரும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகு, கைப்பேசிக் கேமராவைக் கண்ணருகு லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுக்கவும். காகித அட்டையைக் குழாய்போலச் சுருட்டி லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் வைத்தால் கை ஆடாது. முழு வட்டத்திற்கு ஒரு படம், ஒற்றைக் கற்றையைப் பெரிதாக்கி ஒரு படம் என இரண்டையும் ஏ4 தாளில் வண்ணத்தில் அச்சிட்டுக்கொண்டேன்.

இரண்டாம் பாடவேளை: பெயர் சொல்லாமல் எல்லை. அச்சிட்ட படத்தின் மேல் ஓ.எச்.பி. தாளை வைத்து, நான்கு மூலைகளிலும் பொருத்தக் குறி இட்டுக்கொள்ள வேண்டும். சைலம், புளோயம் என்ற சொற்களை அன்று யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. மூன்று கேள்விகள் மட்டும் கரும்பலகையில் எழுதினேன். நிறம் எங்கே மாறுகிறது? செல்லின் அளவு எங்கே மாறுகிறது? செல்களின் நெருக்கம் எங்கே மாறுகிறது? மாற்றம் தெரியும் இடத்தில் மார்க்கரால் கோடு வரைய வேண்டும். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. உறுதியாகத் தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு போடலாம்.

பாடநூல் மூடியிருந்தது. முதல் பத்து நிமிடம் திண்டாடினார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் திண்டாடினார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் பார்ப்பது சிரமமாக இருந்தது. வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவி எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். அவளுடைய அம்மா ஆயத்த ஆடை நிறுவனத்தில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறார். "கோடு தப்பாப் போட்டா துணி போயிடும்னு அம்மா சொல்லும் மிஸ். அதான் மெதுவாப் பார்த்துட்டு அப்புறம் போட்டேன்" என்றாள். ஓராண்டாக அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் நான் சொன்ன முதல் பாராட்டு அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் பாடவேளை: ஒப்பிடுதல். ஒற்றைக் கற்றையின் படத்தை இருவர் இருவராக எடுத்துக்கொண்டு, அவர்கள் வரைந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. "யாருது மிஸ் சரி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. எவ்வளவு வேறுபடுகிறது என்று முதலில் அளப்போம் என்றேன்.

இங்கே கணித ஆசிரியரின் துணை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அவர் நடத்திய கண மொழிதான் அளவுகோல். தாள்களின் அடியில் அரை செ.மீ. கட்டங்கள் கொண்ட தாளை வைத்து, ஒவ்வொருவரின் கோட்டுக்குள்ளும் அடங்கும் கட்டங்களை எண்ண வேண்டும். பாதிக்குமேல் உள்ளே இருந்தால் அந்தக் கட்டம் சேரும், இல்லாவிட்டால் சேராது. ஓர் இணை மாணவர்களின் கணக்கைத் தருகிறேன்.

முதல் மாணவரின் எல்லைக்குள் 52 கட்டங்கள். இரண்டாம் மாணவரின் எல்லைக்குள் 38. இருவருக்கும் பொதுவானவை 36. எனவே சேர்ப்புக் கணத்தில் 52 + 38 − 36 = 54 கட்டங்கள். வெட்டை சேர்ப்பால் வகுத்தால் 36 ÷ 54 = 0.67. இருவரும் முழுமையாக ஒத்துப்போனால் விடை 1. சற்றும் ஒத்துப்போகாவிட்டால் 0.

இந்த அளவுக்கு ஜக்கார்ட் எண் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் பால் ஜக்கார்ட், மலைப்பகுதிகளில் வளரும் செடிகளை இடத்துக்கு இடம் ஒப்பிட 1901இல் பயன்படுத்தியது. இன்று மருத்துவப் படங்களில் இருவர் வரைந்த எல்லைகளையும், மனிதர் வரைந்ததையும் கணினி வரைந்ததையும் ஒப்பிட இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். வெட்டுக்கும் சேர்ப்புக்கும் இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று மாணவர்கள் அறிந்தது எனக்கும் கணித ஆசிரியருக்கும் மகிழ்ச்சி.

நான்காம் பாடவேளை: விதி எழுதுதல். 52க்கும் 38க்கும் இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு? அந்த இரு மாணவர்களையே பேச விட்டேன். கற்றையின் வெளிப்பக்கத்தில் தொப்பிபோல அமர்ந்திருக்கும் தடித்த சுவருள்ள செல்களை ஒருவர் கற்றையோடு சேர்த்திருந்தார், மற்றவர் விட்டிருந்தார். உட்பக்கம் பித்தை நோக்கிச் செல்கள் மெல்ல மெல்லப் பெரிதாகும் இடத்தில் எங்கே நிறுத்துவது என்பதிலும் இருவருக்கும் வேறு கருத்து. யாருடைய கண்ணிலும் பிழை இல்லை. எது வரை கற்றை என்று பேசி முடிவு செய்யாததுதான் காரணம்.

எனவே வகுப்பே கூடி விதிகள் எழுதியது. தொப்பிச் செல்கள் கற்றையோடு சேரும். உட்பக்கத்தில் கடைசிச் சிவப்புச் செல்லோடு கோடு நிற்கும். கிழிந்த இடத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. 'கிழிவு' என்று தனியாகக் குறிக்க வேண்டும். புதிய தாளில் மீண்டும் வரைந்தார்கள். அதே இணைக்கு இப்போது 48, 46, பொது 42. சேர்ப்பு 52, ஒப்புமை 0.81. இந்தக் கட்டத்தில்தான் புறணி, கற்றை, பித், சைலம், புளோயம் என்று பெயர்களை எழுதச் சொன்னேன். மனப்பாடம் செய்யச் சொல்லும் தேவை எழவில்லை.

பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் மென்பொருள் நிறுவ அனுமதியும் இருந்தால், 'கியூபாத்' என்ற இலவச மென்பொருளில் இதையே செய்யலாம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான இதைத் திசுப் படங்களை ஆய்வோர் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். புள்ளி புள்ளியாக இணைத்து எல்லை வரையவும், தூரிகையால் பூசி எல்லை வரையவும் அதில் கருவிகள் உண்டு. பரப்பளவையும் அதுவே கணக்கிட்டுத் தரும். ஆனாலும் ஒரு முறையாவது கட்டங்களைக் கையால் எண்ண விடுங்கள். கணினி தரும் எண்ணின் பொருள் அப்போதுதான் புரியும்.

ஒரு காற்றுக்குமிழி கற்றுத்தந்தது

இரண்டாவது பிரிவு மாணவர்களிடம் வேறொன்று நடந்தது. அவர்களுடைய படத்தில் ஓரிடத்தில் கரிய விளிம்புடன் ஒரு வட்டம் இருந்தது. அதைப் பெரிய சைலக் குழாய் என்று ஏறத்தாழ அனைவரும் எல்லையிட்டிருந்தார்கள். தாள்களை அடுக்கினால் கோடுகள் அச்சு அசலாகப் பொருந்தின. ஒப்புமை 0.9க்கும் மேல். வகுப்பில் கைதட்டல்.

அது கவர் ஸ்லிப்புக்கு அடியில் சிக்கிய காற்றுக்குமிழி. ஸ்லைடை மீண்டும் நுண்ணோக்கியில் வைத்து, கவர் ஸ்லிப்பை ஊசி முனையால் லேசாக அழுத்தச் சொன்னேன். வட்டம் நகர்ந்து போனது. வகுப்பு அமைதியானது. "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாலும் தப்பா இருக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

இருக்கலாம். அந்த எண் அளப்பது நாம் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதை மட்டுமே. சொன்னது உண்மையா என்பதை அது அளக்காது. உண்மையை அறியப் பொருளிடமே திரும்பிச் செல்ல வேண்டும். எல்லையிடும் பணிகளில் இருவர் வரைந்த பிறகும் அனுபவம் உள்ள மூன்றாமவர் ஒருவர் சரிபார்ப்பது இதனால்தான். திசு மடிப்பு, காற்றுக்குமிழி, சாயக்கறை இவற்றுக்கெனத் தனிப் பெயர்களும் வைத்திருப்பார்கள். இதை மாணவர்களுக்குச் சொல்லித் தருவது அறிவியல் பாடத்துக்கு மட்டும் உதவுவதல்ல.

மதிப்பீட்டில் நான் செய்த மாற்றம்

பொதுத்தேர்வில் பாடநூலில் உள்ளதுபோல் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். அதை நாம் விட முடியாது, விடவும் வேண்டாம். பாடநூல் படம் பல ஸ்லைடுகளைப் பார்த்தவர்கள் பொதுத்தன்மையைத் திரட்டி வரைந்த வழிகாட்டி. தவறு அந்தப் படத்தில் இல்லை. ஸ்லைடுக்குப் பதிலாக அதைப் பார்க்கவைத்த என் பழக்கத்தில்தான் தவறு இருந்தது.

இப்போது பதிவேட்டில் இடப்பக்கம் அவரவர் பார்த்த ஸ்லைடின் படம், வலப்பக்கம் பாடநூல் படம். இடப்பக்கத்துக்கு ஐந்து மதிப்பெண்களை இப்படிப் பிரித்திருக்கிறேன். ஸ்லைடில் உள்ளபடி எல்லைகள் மூடி வரையப்பட்டிருந்தால் 2. ஒவ்வோர் எல்லைக்கும் காரணம் எழுதியிருந்தால் 2. "இங்கே செல் சிறிதாகிறது" என்ற அளவில் ஒரு வரி போதும். தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்று குறித்திருந்தால் 1.

கடைசி ஒரு மதிப்பெண்ணை வாங்கத்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தெரியவில்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று இத்தனை ஆண்டுகளாக நாம்தான் பழக்கியிருக்கிறோம். நேர்மையாக வரைந்த புள்ளிக்கோட்டுக்கும் மதிப்பு உண்டு என்று நம்ப அவர்களுக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

சென்ற மாதம் அந்த முன்னாள் மாணவியைப் பள்ளிக்கு அழைத்திருந்தேன். மாணவர்களின் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கிழிந்த கற்றையைக் கிழிந்தபடியே வரைந்து, 'கிழிவு' என்று எழுதியிருந்த ஒரு தாளில் சற்று நேரம் நின்றார். பிறகு அதை எடுத்த மாணவனிடம், "சரியாப் பார்த்திருக்கே தம்பி" என்றார்.

அன்று அவருடைய பதிவேட்டில் நான் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு அது. அவரிடம் அதைச் சொன்னேன். "விடுங்க மிஸ்" என்று சிரித்துவிட்டு, அடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.